பெட்டி தூக்கிய சாட்சி

செத்தவனுக்கு இரண்டு மனைவி. இரண்டாமவள் ட்வைலா வெளியே பெஞ்சில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். முதலாமவள் மேக்ஸின் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன வெண்டல், லெட்டர் போட்டு வரச் சொல்லியிருக்கே? எனக்கு எவ்வளவு வரும்?"

வெண்டல் ப்ரூவிட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டெல்பர்ட்டைப் புதைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று கிளம்பி வந்துவிட்டாள்!

கென்டக்கி மலைப்பக்கத்துச் சிற்றூர் அது. அங்கே நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் முன்னாள் படைவீரர் உதவி அலுவலகத்துக்கு இருபத்திரண்டு வருடமாக வெண்டல்தான் அதிகாரி. பொய்யை மூக்காலேயே கண்டுபிடிப்பார் என்று பேர். 'குண்டு வெடிச்சு ரெண்டு காதும் போச்சு' என்று உதவித்தொகை கேட்டு வந்த ஒருவன், "பின்னாடி டோனட் வச்சிருக்கு" என்று அவர் முணுமுணுத்ததும் சட்டென்று திரும்பிப் பார்த்தான். அப்படியே வாசலைக் காட்டி அனுப்பிவிட்டார். ஒரு பொய்கூடத் தன் மேஜையைத் தாண்டியதில்லை என்று அவருக்கு அப்படியொரு கர்வம்.

"விஷயம் இதுதான் மேக்ஸின். உன்னை விவாகரத்து பண்ணிட்டேன்னு ட்வைலாகிட்ட சொல்லித்தான் டெல்பர்ட் அவளைக் கட்டிக்கிட்டான். ஆனா பண்ணவே இல்ல. முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினவ, இன்னிக்குச் சட்டப்படி அவ அவன் பெண்டாட்டியே இல்ல."

"அப்போ நான்?"

"நீதான் மனைவி."

மேக்ஸின் மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வியட்நாம் போர்ல வாங்கிட்டு வந்த வியாதியிலதான் அவன் செத்திருக்கான். அதனால மனைவிக்கு மாசம் ஆயிரத்து அறுநூறு டாலருக்கு மேல வரும். ஆயுசு முழுக்க."

"என் கூரை ஒழுகுது. மூணு பக்கெட் வச்சிருக்கேன்."

"ட்வைலாவுக்கு வாடகைக்கே வழியில்ல. மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணணும்."

"என் புருஷனைத் தள்ளிக்கிட்டுப் போனாளே, அப்போ எனக்கு என்ன வழின்னு கேட்டாளா?"

இந்த வசனம் ஊருக்கே மனப்பாடம். தேவாலய வாசலிலும் மளிகைக் கடையிலும் அவள் சொல்லிச் சொல்லித் தேய்ந்தது.

"நீ அவளுக்குத்தானே பரிஞ்சு பேசுவே. அவளோட ஓடிப்போன அன்னிக்கு அவன் பெட்டியைத் தூக்கி வண்டியில வச்சதே நீதானே!"

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டார். உண்மைதான். டெல்பர்ட் விசிலடித்துக்கொண்டு வந்தான். ட்வைலா வண்டியில் காத்திருந்தாள். மேக்ஸின் வாசலில் நின்று கதறினாள். நண்பனாயிற்றே என்று தூக்கிய அந்தப் பெட்டி இன்றுவரை அவர் மனதில் கனக்கிறது.

"கடைசி ஆறு வருஷம் படுத்த படுக்கையாமே?" மேக்ஸின் நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆமா."

"யார் பார்த்துக்கிட்டது?"

"வேற யாரு? அவதான்."

"படுக்கைப்புண் வந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல."

"தட்டைத் தூக்கி எறிவானே, கடன்காரன்."

"எறிஞ்சான். அவ பொறுக்கினா."

"ம்."

என்ன ஜென்மம் இது, செத்தவன் முதுகில் புண் இருந்ததா என்று விசாரிக்கிறது! வெண்டல் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"ஒரே கேள்விதான். நீங்க பிரிஞ்சதுக்கு யார் காரணம்? அவன் உன்னை விட்டுட்டுப் போனான்னா, பணம் உனக்கு. தப்பு உன்னோடதுன்னா உனக்குச் சல்லிக்காசு கிடையாது. ஏமாந்து கட்டிக்கிட்டவங்கிறதால ட்வைலாவையே மனைவியா ஏத்துக்குவாங்க. உனக்குத்தான் பாடமாச்சே, எழுது. கீழே 'எனக்குத் தெரிந்தவரை உண்மை'ன்னு நான் கையெழுத்துப் போடணும்."

மேக்ஸின் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினாள். காகிதம் கிழியாதது ஆச்சரியம்.

வெண்டல் வாங்கிப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

'அவர் என்னை விட்டுப் போகவில்லை. ஒரு காரணமும் இல்லாமல் நான்தான் வீட்டை விட்டுத் துரத்தினேன். தப்பு முழுக்க என்னுடையது.'

"மேக்ஸின், இது பச்சைப் பொய்! பெட்டி தூக்கினவன் நான்!"

"உனக்கு வயசாயிடுச்சு. ஞாபகம் தப்புது."

"கூரை?"

"அதான் பக்கெட் இருக்கே."

"எனக்கு வேணாம், அவளுக்கே குடுத்துடுங்கன்னு எழுதிட்டுப் போயேன். ஊரே உன்னைத் தலையில வச்சுக் கொண்டாடுமே!"

"கொண்டாடும். அவளும் நன்றி சொல்ல ஆப்பிள் கேக் சுட்டு எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நிப்பா. அதை வாங்கித் தின்னுட்டு அப்புறம் அவளை எப்படிய்யா திட்டுறது? எனக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அதுதான். சட்டம் எனக்குக் குடுக்கலைன்னே இருக்கட்டும். வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வெளியே அவள் குரல் கேட்டது.

"தள்ளி உட்காருடி, புருஷனைத் திருடினவளே! வழியில காலை நீட்டிக்கிட்டு!"

இருபத்திரண்டு வருடமாக ஒரு பொய்யையும் விட்டுவைக்காத வெண்டல் ப்ரூவிட், 'எனக்குத் தெரிந்தவரை உண்மை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார், அன்று பெட்டியைத் தூக்கிய அதே கையால்.