கொம்பில்லாத வெள்ளைத் தட்டு

ஏணியின் உச்சியில் நின்று, தட்டு போன்ற வெள்ளை வைஃபை கருவியை நூலகக் கூரையின் நடுவில் திருகுகிறேன். கீழே நாற்பது மாணவர்கள் மடிக்கணினிகளோடு காத்திருக்கிறார்கள்; பத்து மணிக்கு இணையத் தேர்வு. போன முறை பாதியில் இணைப்பு அறுந்தது. இன்றும் அறுந்தால், இனி ஒவ்வொரு தேர்வுக்கும் இவர்கள் மலையிறங்கி ப்லோவ்டிவ் நகருக்குப் போக வேண்டும். "ஏம்மா ஸ்லாத்தினா, எட்டு ஆன்டெனாக் கொம்பு வச்சத வாங்கச் சொன்னா தட்ட வாங்கிட்டு வந்திருக்கே. தயிர் சூப் ஊத்திக் குடிக்கவா?" என்கிறார் தலைமையாசிரியர் த்சான்கோவ். இந்தப் பள்ளியின் தரையைத் துடைப்பவளின் மகள் நான் என்பதால் என்னிடம் அவருக்கு வாய் நீளம். "கொம்பு மாட்டுக்கு அழகு, சார். அதெல்லாம் வீட்டுக்கு வாங்குறது. இது நாப்பது பேரையும் ஒரே நேரத்துல தாங்கும்." "திருட்டுப் போயிடும். இரும்பு அலமாரியில வச்சுப் பூட்டு." "பூட்டினா சிக்னலும் உள்ளேயே உக்காந்திருக்கும். போன தடவ அதான நடந்துச்சு?" ஒரே கம்பியைச் செருகுகிறேன், மின்சாரமும் இணையமும் அதிலேயே வருகின்றன. சன்னல் வெயிலில் வெளிறித் தெரியும் விளக்கு மூன்று முறை சிமிட்டி, நீலத்தில் நிலைக்கிறது. மணி அடிக்கிறது. நாற்பது விரல்கள் ஒன்றாக அழுத்துகின்றன. நாற்பது திரைகளிலும் முதல் கேள்வி விரிகிறது. குறை சொல்ல ஒரு கையும் உயரவில்லை. விசைகளின் சத்தம் மட்டும் தூறல்போலக் கேட்கிறது. த்சான்கோவ் ஏணியை ஒட்டி வந்து நின்று, "மேல்மாடிக்கு எத்தனை வேணும்மா?" என்று கிசுகிசுக்கிறார். "அளந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்கிறேன், கீழே இறங்காமலே.