பல்லி வாக்கு

வற்றிப்போன ஏரிக்கரையில், மண்டபச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. தண்ணீர் வந்தால் பூச்சி வரும் என்று கனாக் கண்டே அது மெலிந்துகொண்டிருந்தது.

தேர்தல்தோறும் எம்.எல்.ஏ. மருதப்பன் வேறொரு கட்சித் துண்டோடு மஞ்சள் வெயிலில் அங்கே வருவார். "இந்த ஏரியை நிரப்புவேன்" என்பார். "பொய்" என்று பல்லி கத்தும். தரையில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு அது 'உச்' என்றுதான் கேட்கும். பல்லி சொன்னால் பலிக்கும் என்று விரலால் தரையைத் தட்டிவிட்டு, அவரையே ஜெயிக்க வைப்பார்கள்.

"கட்சி மாறுறதுகூடவா இவங்க கண்ணுல படல?" என்றது பல்லி.

"உனக்கு வால் மாதிரி அவருக்குக் கட்சி. விட்டா முளைச்சுக்கும்" என்றது சுவர். "ஆனா அவரை ஜெயிக்க வைக்கிறது நீதான் தாயி. நீ கத்தக் கத்த, அவர் சொல்றது நிஜம்னு நம்புறாங்க."

பல்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த தேர்தலில் வாயை இறுக மூடிக்கொண்டது.

மருதப்பன் பேசி முடித்து அண்ணாந்து பார்த்தார். கூட்டமும் அண்ணாந்து காத்திருந்தது. காற்று நின்றது. வெற்று ஏரி வெயிலில் நிறைந்த ஏரியைப்போல மினுங்கியது. பல்லிக்குப் பசி மறந்தது.

முன்வரிசையில் ஒருவர் பொறுக்கமாட்டாமல் தன் நாக்காலேயே 'உச்' என்றார்.

எல்லோரும் நிம்மதியாகத் தரையைத் தட்டினார்கள்.