நாற்பத்துநான்கு புள்ளி ஆறு

"ஆடாத மாமே. ஆடுனா அளவு தப்பாப் பூடும்."

வேம்புலி வெர்னியர் காலிப்பரின் இரண்டு தாடைகளையும் பாஸ்கலின் மூக்குக்கு இருபுறமும் மெதுவாகக் கொண்டுவந்து நிறுத்தினான். பூசைக்குப் போட்டுப்போன சட்டையைக்கூட மாற்றாமல், கோவில்பதாகையில் தன் வீட்டு ஜன்னலோரம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் பாஸ்கல்.

இருவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே தொழிற்சாலை. வேம்புலி லேத்தில் கடைவான். பாஸ்கல் இன்ஸ்பெக்‌ஷனில் அளப்பான். மயிரிழை கூடியிருந்தாலும் முகம் பார்க்காமல் தள்ளிவிடுகிற கை அவனுடையது.

"எவ்ளோ?"

"நாப்பத்திநாலு புள்ளி ஆறு."

"மொத நாளும் அதேதான்டா."

"அறுபத்திமூணு நாளா இரும்பே தேஞ்சிருக்கும். உன் மூக்கு இன்னா மெட்டீரியலோ."

பாஸ்கல் சிரிக்கவில்லை. மேசைமேல் கிடந்த 'நாசிகலா' கிளிப்பைப் பார்த்தான். வாரப் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வி.பி.பி.யில் வரவழைத்தது. 'கத்தி இல்லை, ஊசி இல்லை, மருந்து இல்லை. தினம் நாற்பதே நிமிடம். எடுப்பான மூக்கு உங்களுக்கும்.'

அவனுக்கு அவன் மூக்கின்மேல் எந்தக் குறையும் இருந்ததில்லை, பெண் பார்க்கத் தொடங்கும்வரை. முகப்பேர்க்காரர்கள் போட்டோவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "பையன் தங்கம், மூக்குதான் கொஞ்சம்..." என்று இழுத்தார்கள். ஆவடிக்காரர்கள் அந்தக் 'கொஞ்ச'த்தைக்கூடச் சொல்லவில்லை. வயது இருபத்தொன்பது ஆகிவிட்டது. இன்னும் ஒரு வீட்டில் மூக்கைக் காரணம் சொன்னால், பெண் பார்ப்பதையே விட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தான்.

கிளிப் வந்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் அளந்து, கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டுவிடுவான். ஆறாவது வாரம் எழுதியது இது:

'மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். படத்தில் காட்டியபடியே அணிந்து வருகிறேன். முதல் நாள் 44.6 மி.மீ. நாற்பத்திரண்டாம் நாள் 44.6 மி.மீ. அளந்தது வெர்னியரில், ஸ்கேலில் அல்ல. ஆவன செய்யவும்.'

கம்பெனிக்குத் தபால் பெட்டி எண் மட்டும்தான் முகவரி. முதல் இரண்டு முறை அச்சடித்த பதில் வந்தது. பிறகு, குண்டு குண்டான நீல மை எழுத்தில், 'மேலாளருக்காக' என்று கையெழுத்திட்டு வரத் தொடங்கியது. போன மாதக் கடைசியில் வந்ததை வேம்புலியே உரக்கப் படித்தான்.

'உண்மையான அளவை எழுதுகிறவர் தாங்கள் ஒருவரே. மனம் தளர வேண்டாம். மேற்கொண்டு ஆலோசனை கூற ஐந்து விவரங்கள் தேவை: வயது, எடை, தொழில், அடிக்கடி சளி பிடிக்குமா, மணமானவரா.'

"கண்ணாலத்துக்கும் மூக்குக்கும் இன்னாடா சம்மந்தம்?" என்றான் வேம்புலி.

"ஏதாவது வைத்தியக் காரணம் இருக்கும்," என்று ஐந்துக்கும் வரிசையாகப் பதில் எழுதி அனுப்பினான் பாஸ்கல்.

இன்றைக்கு அவனுக்குக் கடிதம் எழுத மனம் வரவில்லை. காலிப்பரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினான்.

அடுத்த ஞாயிறு பூந்தமல்லியில் பெண் பார்க்கப் போக வேண்டும். பெண் வீட்டாரே கேட்டு, உபதேசியார் ஜேசுராஜ் மூலம் வந்த இடம். பெண் ஞானகுமாரி, ஏதோ ஆபீசில் வேலை. "போட்டோ வேண்டாம், நேர்லயே வரட்டும்னு சொல்லிட்டாங்க," என்றார் உபதேசியார். அதுதான் பாஸ்கலுக்கு உதைத்தது. போட்டோ என்றால் கொஞ்சம் திரும்பி நின்று சமாளிக்கலாம். நேரில் மூக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த ஞாயிறும் வந்தது. அம்மாவையும் வேம்புலியையும் கூட்டிக்கொண்டு போனான்.

ஞானகுமாரி காபி கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டியவள் அவன் மூக்கையே ஒரு முழு நிமிடம் பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியபடி உள்ளே போனாள்.

பாஸ்கல் மூச்சை உள்ளிழுத்து மூக்கை ஒடுக்கப் பார்த்தான்.

"மூச்ச இஸ்து புடிக்காத மாமே," என்று காதோரம் சொன்னான் வேம்புலி. "இன்னும் பெருசாத் தெரியுது."

"ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கட்டுமே," என்றார் பெண்ணின் அப்பா.

பின்கட்டில் துவைக்கிற கல்லருகே நின்றார்கள். பாஸ்கலே முந்திக்கொண்டான்.

"புடிக்கலன்னா நேராச் சொல்லிடுங்க. மூக்கால ரெண்டு எடம் தட்டிப் போச்சு. சரி பண்ணவும் பாத்தேன். முடியல."

"தெரியும்," என்றாள் அவள். "போன வாரம் ஏன் லெட்டர் போடல? அதே நாப்பத்திநாலு புள்ளி ஆறா?"

பாஸ்கலின் கை தானாக மூக்குக்குப் போயிற்று.

"கம்பெனின்னதும் பாரிமுனையில பெரிய கட்டடம்னு நெனச்சிட்டீங்களா? சென்னீர்குப்பத்துல ஒரே ரூம்தான். வர்ற லெட்டருக்கெல்லாம் பதில் எழுதறது நான்."

மூக்கிலிருந்து கையை எடுத்தான் பாஸ்கல்.

"அப்ப... அந்த அஞ்சு கேள்வி?"

ஞானகுமாரி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "கம்பெனி நாலுதாங்க கேட்டுச்சு."