எதிரே வந்து நின்றவன்

தவசிமுத்து அரிவாளோடு வருகிறான் என்று யாரோ கத்தினார்கள். மில் கேட்டுக்கு முன்னால் கூடியிருந்த அத்தனை தலைகளும் திரும்பின. என் வீட்டுக்காரர் தலை மட்டும் திரும்பவில்லை.

அவருக்குக் கேட்டிருக்காது.

கவுன்சிலர் மைதீன் பிச்சைக்குக் காது சுத்தமாகப் போய் நாலு வருஷம் ஆகிறது. ராஜபாளையத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நூல் மில்லில் மிஷின் இரைச்சலுக்கு நடுவே காலமெல்லாம் நின்றதில் போன காது அது. செவிடனுக்கு எதற்கு யூனியன் என்று ஒருத்தன் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் போதும், தலைவர் பதவியும் போய்விடும், கவுன்சிலர் பதவியும் போய்விடும் என்று பயந்தார்.

அதற்காக ஒரு வழி வைத்திருந்தார். மற்ற தலைவர்களைப் போல மைக்கைப் பிடித்துக் கத்தமாட்டார். எவ்வளவு பெரிய தகராறானாலும் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொருவராக எதிரே வந்து நின்று பேசவேண்டும். பேசுகிறவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். கடைசி ஆள் பேசி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் கோபம் ஆறிப் பசி வந்துவிடும்.

பொறுமைசாலி என்று பேப்பரில்கூட எழுதினார்கள். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் வீட்டில் குதிக்கிற குதி எனக்குத்தானே தெரியும்.

அவர் கண்ணில் படுகிற இடத்தில் நிற்பது என் வேலை. வலது பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் வலது காதோரம் முந்தானையைச் சரிசெய்வேன். இடது என்றால் இடது. பின்னாலிருந்து வந்தால் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிடுவேன்.

தூக்குவாளியோடு நிற்கிற என்னைப் பார்த்து, புருஷன் மேல் என்ன பாசம் என்பார்கள். பாசமாவது ஒன்றாவது. நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டில் இருங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாயும் அலுத்துவிட்டது.

கூலித் தகராறில் மில்லை மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. முதலாளி தருவதாகச் சொன்ன கூலியே போதும், வேலைக்குத் திரும்பலாம் என்று ஒரு கூட்டம். கூடாது என்று எங்கள் கூட்டம். திரும்பலாம் என்றவர்களுக்குத் தவசிமுத்துதான் தலைவன். முந்தின நாள் நடந்த சண்டையில் அவன் தம்பி மண்டை உடைந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கல்லை எறிந்தது எங்கள் ஆள்.

பெஞ்சுக்கு எதிரே வெள்ளத்தாய் நின்று, வீட்டில் அடுப்பு எரியாத கதையை அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் உதட்டைத் தவிர அவர் வேறெதையும் பார்க்கவில்லை. அவளும் அதே மிஷினில் நின்றவள். யாரோ கத்தியது அவளுக்கும் கேட்டிருக்காது.

எனக்கும் அவருக்கும் நடுவே கூட்டம் அடைத்துக்கொண்டது. முக்காட்டை இழுத்தேன். திரும்பத் திரும்ப இழுத்தேன். அவர் பார்க்கவில்லை.

தவசிமுத்து அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். கை எட்டுகிற தூரம்தான்.

யா அல்லாஹ் என்று கத்தினேன். கத்தி என்ன செய்ய, கேட்கவேண்டிய மனுஷருக்குக் கேட்காதே.

அவன் அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பெஞ்சைச் சுற்றி நடந்து முன்னால் வந்தான். வெள்ளத்தாயை ஒதுங்கச் சொன்னான். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுத் துண்டால் உதட்டைத் துடைத்தான். அப்புறம்தான் ஏச ஆரம்பித்தான்.

"நீரெல்லாம் ஒரு தலைவராவே, மாமா? எந்தம்பி மண்டையை ஒடைச்சவன் உம்ம கூட்டத்துலதான் ஒளிஞ்சிருக்கான். அவன் எனக்கு வேணும்."

ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து, உதடு தெரிய ஏசினான். மில்லுக்குள் மிஷின் ஓடும்போது அவர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அங்கே யாரும் யாரையும் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. சுற்றி வந்து, எதிரே நின்று, உதட்டைக் காட்டிப் பேசவேண்டும்.

ஆனால் மிஷின் நின்றுதான் ஆறு மாதம் ஆகிவிட்டதே.

"சாயங்காலம் நானே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாரேன், மாப்ள. அவன் ஒன் தம்பி கால்ல விழட்டும். பொறவு நீ என்ன சொல்லுதியோ அதான்" என்றார் இவர், வழக்கம்போல ஊருக்கே கேட்கிற குரலில்.

தவசிமுத்து அரிவாளைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்தான். திரும்பிப் போகிறவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். அவருக்கு முதுகைக் காட்டி நின்று, மெதுவாகச் சொன்னான்.

"அத்தே, நீங்க எதுக்கு இந்த வெயில்ல வந்து காவல் நிக்கிய? ஏசுறதுன்னாலும் வெட்டுறதுன்னாலும் நாங்க முன்னால வந்துதான்."

சுற்றிலும் பார்த்தேன். இரண்டு கூட்டத்திலும் ஒருத்தர்கூட என் கண்ணைப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சுவரோரமாக அப்படியே உட்கார்ந்தேன். இந்த நாலு வருஷத்தில் கூட்டத்துக்கு வந்த இடத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

கூட்டம் கலைந்ததும் அவர் கண் என்னைத் தேடியது. நான் தரையில் இருப்பதைப் பார்த்துப் பதறிப்போய், வலதா இடதா என்று புருவத்தை உயர்த்திக் கேட்டார்.

நான் முக்காட்டைத் தொடாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.