ஐந்து மீட்டர் தள்ளி

ஒரு குன்றின்மேல் ஓணான் ஒன்று மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடியிருந்தது. ஐந்து மீட்டர் தள்ளி, ஒரு கல்லுக்கடியில் யாரோ சின்னத் தகர டப்பாவை ஒளித்து வைத்திருந்தார்கள். ஒருவர் ஒளித்துவிட்டு இடத்தின் எண்களை அறிவிப்பார், மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு வந்து தேடுவார்கள். மனிதர்களுக்கு அப்படி ஒரு விளையாட்டு.

அன்று வந்தவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, நேரே முட்டைக் குழியைக் கிளறத் தொடங்கினார்.

"இந்த வாரத்தில் இது மூன்றாவது ஆள்! உனக்குக் கண் அவிந்தா போயிற்று?" என்று ஓணான் கருவியிடம் சீறியது. "டப்பா அங்கேயல்லவா இருக்கிறது!"

"கோபப்படாதே அம்மா. ஐந்து மீட்டர் முன்னே பின்னே இருக்கும் என்று திரையின் ஓரத்தில் எழுதித்தான் காட்டுகிறேன். யார் படிக்கிறார்கள்? எல்லோருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளிதான் வேண்டும்."

"பெரிதாக எழுதேன்!"

"எழுதினால் என்னை யார் நம்புவார்கள்?"

ஓணானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் இரண்டு விரல் ஆழம் போனால் முட்டைகள். ஓடிப்போய் டப்பாவை மூடிய கல்லின்மேல் ஏறித் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது.

ஓணானைக் கண்டால் மனிதருக்குக் கை சும்மா இருக்காதே! அவர் எழுந்து வந்தார். ஓணான் குதித்தது. எறிவதற்கு அந்தக் கல்லையே தூக்கினார். அடியில் டப்பா.

"பார்த்தாயா? நான் அழைத்து வந்தால் தப்புமா?" என்றது கருவி.

அவர் டப்பாவிலிருந்த தாளில் பெயரெழுதி, அடுத்தவர் தேடுவதற்காக அதே கல்லுக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.

முட்டைகள் பொரிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஓணான் பெருமூச்சு விட்டுக் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்தது.