ரத்து குத்த ஓர் இடம்

என் பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்வதற்காக முத்திரையை மையில் ஒற்றிய அதிகாரி, விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "அறுபது பக்கப் புத்தகமா கேட்டிருக்க? முப்பத்தாறே போதும்மா. நாளைக்குக் கல்யாணம் ஆனா எங்க போகப் போற?" விண்ணப்பத்தையும் ஒரு பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "மாத்தி எழுதிக் குடு."

நான் கப்பல் எஞ்சின் பழுதுபார்க்கிறவள். எஞ்சின் எந்தத் துறைமுகத்தில் நின்றுபோகிறதோ அங்கே போயாக வேண்டும். போன மாதம் விசா ஒட்டப் பக்கமில்லாமல் ஒரு வேலை கைநழுவிப் போனது. பேனாவை நான் தொடவில்லை.

என் கோப்பைப் புரட்டியவரின் விரல் ஒரு சான்றிதழில் நின்றது. "ஓ, முதல் பட்டதாரியா?" முதுகில் தட்டிக்கொடுக்கிற குரல்.

"ஆமா சார். அதுல இருக்கிற ஒரு சீலுக்குத் தாலுகா ஆபீஸ்ல மூணு நாள் நின்னேன். இந்த பாஸ்போர்ட்ல இருக்கிற அத்தனை சீலுக்கும் சேர்த்துக்கூட அவ்வளவு நேரம் நின்னதில்ல."

அவர் பாஸ்போர்ட்டைத் திறந்தார். முதல் விசாப் பக்கத்தில் இடமில்லை. சதுரம், வட்டம், முக்கோணம் என்று முத்திரைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. கடைசிப் பக்கம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ரத்துன்னு எங்கம்மா குத்துறது?"

"நல்லாத் தேடுங்க சார்."

காய்ந்துபோன முத்திரையை மறுபடியும் மையில் ஒற்றினார். அவர் தள்ளிய பேனா, மூடி கழற்றாமல் எங்கள் நடுவில் கிடந்தது.