மூன்றாம் நாள் சம்மணம்

"எட்டு மாசமா என்னத்தச் சொல்லிக் குடுத்தீய அண்ணாச்சி? ஒரு எருமைக்குச் சொல்லிக் குடுத்திருந்தா, இன்னேரம் அது ஆக்ரா போயிட்டு வந்திருக்கும்லா."

லூசியின் குரல் தலைநகரத்து முனிர்காத் தெருவில் மூன்றாம் மாடி வரைக்கும் போனது. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவருக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காது கொடுத்தார்.

தேவநேசன் பயிற்சிக் காரை விட்டு இறங்கவில்லை. இடப்பக்கம், வாத்தியார் இருக்கையில், முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

அன்று காலை லைசென்ஸ் சோதனையில் லூசி மூன்றாம் முறையாகத் தோற்றிருந்தாள். மூன்று முறையும் அதே இடம். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். கார் உருண்டது.

அவளுக்குக் கிடைத்திருந்தது ஸ்காட்லாந்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் வேலை. மாத முடிவுக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த சோதனைக்கோ மார்ச்சில்தான் தேதி.

சோதனையில் மட்டும் ஏன் உருள்கிறது, அதுதான் புரியவில்லை என்று கத்தினாள். மேம்பாலத்து ஏற்றத்தில், அத்தனை நெரிசலில் நின்று கிளம்பும்போது ஒரு நாளாவது உருண்டதா என்று கேட்டாள்.

உருண்டதில்லை. ஓர் அங்குலம்கூட.

அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை சிஸ்டர் என்பார். வம்புக்கு வாய் வைக்க இடமில்லாத உறவுமுறை. ஆனால் நாற்பத்தேழு வயது ஒண்டிக்கட்டை திடீரென்று தலைக்கு மை பூச ஆரம்பித்ததைத் தெரு கவனிக்காமல் இல்லை.

காலை ஆறரைக்கு அவளுடைய அரை மணி நேரம். வார்டுக் கதைகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே ஓட்டுவாள். தேவநேசனுக்கு அன்றைய பொழுது அந்த அரை மணியோடு விடிந்து, அதோடு முடிந்தும் போகும்.

அவர் தொழிலில் நன்றாகச் சொல்லிக் கொடுத்ததற்குப் பரிசு ஒன்றுதான். லைசென்ஸ் கிடைத்த மறுநாள் அரைக் கிலோ காஜு கட்லி வரும். அதற்குப் பிறகு ஆள் வரமாட்டார். பதினாறு வருஷத்தில் எத்தனையோ பெட்டி தின்றாயிற்று.

அப்போதுதான் மேலே பால்கனியில் பெனிட்டா எட்டிப் பார்த்தாள். லூசியின் அறைத் தோழி. அதே வேலைக்கு மனு போட்டவள், பட்டியலில் இரண்டாவது பெயர். இதே வாத்தியாரிடம்தான் இருபத்தொரு நாளில் கற்று லைசென்ஸ் வாங்கியவள். சமாதானம் சொல்வதாகத்தான் நினைத்தாள் பாவம்.

"எனக்கு மூணாம் நாளே சீட்டுல சம்மணம் போட்டு உக்காந்துட்டாவ அண்ணாச்சி. எதுல போய் இடிச்சாலும் கால் கீழ வராதுன்னுட்டாவ. அந்தப் பயத்துலயே படிச்சிட்டேன். உனக்கு மட்டும் என்னட்டீ கேடு?"

லூசி மெல்லக் காரின் பக்கம் திரும்பினாள்.

பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு கிளட்சும் பிரேக்கும் உண்டு. அவர் மிதித்தால் அந்தப் பக்கத்து மிதியும் சேர்ந்தே இறங்கும். பழகுகிறவருக்குத் தன் கால்தான் மிதித்தது என்று தோன்றும். சோதனையில் மட்டும் அந்த இருக்கையில் வாத்தியார் இருக்கமாட்டார்.

அவள் குனிந்து, காருக்குள், அவர் காலடியைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அவர் சம்மணம் போட்டு அவள் கண்டதில்லை.

தேவநேசன் இரண்டு பாதங்களையும் மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத் தொடங்கினால் எட்டு மாதத்தையும் சொல்ல வேண்டி வரும்.

லூசி பையை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள். சண்டை இவ்வளவுதானா என்று இஸ்திரிக்காரருக்கு ஏமாற்றம்.

ஏப்ரலில் அந்த வேலைக்கு பெனிட்டா போனாள். காஜு கட்லி கொடுத்துவிட்டு மறந்துபோகிற ஜாதியில்லை அவள். கிறிஸ்துமஸுக்குப் பனியில் ஒரு சின்னக் காரில் சாய்ந்து நின்று படம் அனுப்பினாள். நீங்க இல்லேன்னா நான் இல்ல அண்ணாச்சி என்று கீழே எழுதியிருந்தாளாம். அவர் அதை ஒருவரிடமும் காட்டவில்லை. ஆனாலும் தெருவுக்குத் தெரியும்.

லூசி வேறொரு பள்ளியில் பதினோரு நாளில் கற்றுக்கொண்டு, மார்ச்சில் அடுத்த தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். அதைக் காட்டி வாங்கத்தான் வேலை இல்லை. மே மாதம் சொந்த ஊரான சாயர்புரத்தில் கல்யாணம், அங்கேயே குடித்தனம். மாப்பிள்ளை வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்கிறதாம். சாவி இரண்டும் மாப்பிள்ளை சட்டைப் பையில்.